சுறாவைக் கொல்வதா? விடுவதா? - கடலில் விளையாடுவோர் இரண்டு கட்சி!

சுறா என்றால் யாருக்குத்தான் பயம் இல்லை? கடலையே பார்க்காதவர்கூடச் சுறா என்ற பேச்சு வந்ததும் காலை இழுத்து மடக்கிக்கொள்வார். ஆனால் சுறா நீந்துகிற அதே தண்ணீரில் தினமும் போய் விளையாடுகிறவர்களும் இருக்கிறார்கள். பலகை மேல் நின்று அலையில் சறுக்கி வரும் வீரர்கள்தாம் அவர்கள்.

"சுறாவை என்ன செய்யலாம்?" என்று அவர்களைக் கேட்டால், ஒரே பதில் வராது. "கொன்று குறைக்க வேண்டும்" என்பார் ஒருவர். "அதைத் தொடக் கூடாது. கடல் அதன் வீடு. நாம்தான் விருந்தாளி" என்பார் மற்றொருவர். இருவருமே கடலை நேசிப்பவர்கள். இருவருமே உயிரைப் பணயம் வைத்து விளையாடுகிறவர்கள். அப்படியிருந்தும் கட்சி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக் குடும்பங்களுக்கு இந்தச் சண்டையில் என்ன சம்பந்தம்? அங்கே ஏரி உண்டு, கடல் கிடையாதே!

சம்பந்தம் இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. லீவு நாளில் மின்சார ரயில் ஏறி, பிள்ளைகுட்டிகளோடு மெரினாவுக்குப் போகிறவர்கள் அவர்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் ஊற வேண்டும் என்று பால் சுறாவைத் தேடி வாங்கிப் புட்டு செய்து கொடுக்கிறவர்களும் அவர்களே. கடலில் எது உண்மையான அபாயம், எது வெறும் பயம் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அலை மேல் சவாரி

அலைச் சறுக்கு என்பது பசிபிக் கடல் தீவுகளில் பிறந்த விளையாட்டு. ஹவாய்த் தீவில் அரசர்களே விளையாடினார்கள். நீண்ட பலகையில் குப்புறப் படுத்து, கைகளால் தண்ணீரைத் தள்ளிக் கடலுக்குள் போக வேண்டும். நல்ல அலை வரும்வரை காத்திருக்க வேண்டும். அலை வந்ததும் பலகை மேல் எழுந்து நின்று, கரையை நோக்கிச் சறுக்கி வர வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் இது முதல் முறையாகச் சேர்க்கப்பட்டது. அந்தப் போட்டி 2021ல் நடந்தது.

தமிழ்நாட்டிலும் இந்த விளையாட்டு வேர் பிடித்துவிட்டது. சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பலகையோடு கடலில் இறங்குகிறார்கள். கோவளத்தில் சறுக்குப் பள்ளி தொடங்கிய மூர்த்தி மேகவன் ஒரு மீனவர். 2025 ஆகஸ்டில் ஆசியச் சாம்பியன் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. அதில் கர்நாடகத்தைச் சேர்ந்த ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் வாங்கினார். ஆசியப் போட்டியில் தனி நபராக இந்தியர் ஒருவர் பதக்கம் பெற்றது அதுவே முதல் தடவை.

சுறா ஏன் கடிக்கிறது?

சுறாவில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. சில, ஒரு முழம்கூட இருக்காது. சில, லாரியை விட நீளம். எல்லாவற்றிலும் பெரியது திமிங்கிலச் சுறா. அது மனிதனைத் தொடுவதே இல்லை. தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் வடிகட்டித் தின்கிறது.

மனிதனை அதிகமாகக் கடித்தவை மூன்றே இனங்கள்: வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா. இவற்றில் காளைச் சுறா கரைக்கு மிக அருகில் வரும். கலங்கிய தண்ணீரை விரும்பும். ஆற்றுக்குள்ளேயும் ஏறிப் போகும்.

சுறாவுக்குக் கை கிடையாது. ஒரு பொருள் என்ன என்று பார்க்க வேண்டுமானால் வாயால்தான் பார்க்க வேண்டும். பலகையில் படுத்திருக்கும் மனிதனைக் கீழிருந்து பார்த்தால், கடல் நாயின் நிழல் போலத் தெரியும். அதனால் வெள்ளைச் சுறா ஏமாந்து கடிக்கிறது என்பது அறிஞர் பலரின் கருத்து. பல சமயம் அது ஒரு கடியோடு விட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஆனால் அந்த ஒரு கடியில் பெருகும் இரத்தமே உயிரைக் கொண்டுபோய்விடும்.

எத்தனை பேரைக் கடிக்கிறது? அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காட்சிசாலை ஒன்று உலகக் கணக்கு வைத்திருக்கிறது. மனிதன் சீண்டாமல் சுறா தானாக வந்து கடித்தது, 2023ல் 69 தடவை. இறந்தவர்கள் 10 பேர். 2024ல் 47 தடவை. இறந்தவர்கள் 4 பேர். உலகம் முழுவதற்கும் சேர்த்து இவ்வளவுதான்! கடிபட்டவர்களில் பெரும் பகுதியினர் அலைச் சறுக்குக்காரர்களும் நீந்துகிறவர்களும்.

"கொல்லுங்கள்!" என்ற கட்சி

கணக்கில் சிறிய எண்தான். ஆனால் இறந்தவன் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால்? அப்போது கணக்கு பேச முடியுமா? ரெயூனியன் தீவில் இந்தக் கேள்விதான் எழுந்தது.

ரெயூனியன், இந்துமகா சமுத்திரத்தில் பிரான்சுக்குச் சொந்தமான ஒரு தீவு. தமிழருக்கு அது அந்நிய ஊர் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்காகத் தமிழர் ஆயிரக்கணக்கில் கப்பலேறிப் போன தீவு அது. இன்றும் அங்கே கோயில் உண்டு, காவடி உண்டு, தீமிதி உண்டு.

அலைச் சறுக்குக்கு அது பேர்போன இடம். ஆனால் 2011 முதல் நிலைமை மாறியது. 2011க்கும் 2019க்கும் இடையில் சுறா கடித்து 11 பேர் இறந்தார்கள். சின்னஞ்சிறு தீவு; 11 உயிர்! 2013 ஜூலையில் கரைக்கு வெகு அருகிலேயே ஒரு பள்ளி மாணவி இறந்தாள். அதே மாதம் சர்க்கார் தடை போட்டது. பவளப் பாறைக்கு உட்பட்ட அமைதியான நீரிலும், காவல் உள்ள இடங்களிலும் மட்டுமே இறங்கலாம் என்று உத்தரவு வந்தது. சறுக்குப் பள்ளிகள் படுத்துவிட்டன. கடற்கரைக் கடைகளில் வியாபாரம் விழுந்தது.

2017 பிப்ரவரியில் இன்னொரு வாலிபர் பலியானார். அப்போது கெல்லி ஸ்லேட்டர் வாய் திறந்தார். 11 முறை உலகச் சாம்பியன் ஆன அமெரிக்கர் அவர். ரெயூனியனில் சுறாக்களைத் தினந்தோறும் பிடித்துக் கொன்று குறைக்க வேண்டும் என்று அவர் சொன்னார். உலகம் முழுவதும் பரபரப்பு! கடலைக் காக்க வேண்டும் என்று பேசி வந்தவரே இப்படிச் சொல்லலாமா என்று பலர் கொதித்தார்கள்.

இந்தக் கட்சியார் தங்களுக்கு நியாயம் உண்டு என்கிறார்கள். தீவில் ஒரு வகை மீன் நஞ்சுக்குப் பயந்து சுறா இறைச்சி விற்பனை தடுக்கப்பட்டது. அதனால் சுறா பிடிப்பது குறைந்தது. 2007ல் கரையோரக் கடல் பாதுகாப்புப் பகுதி ஆயிற்று. மனிதன் கை வைக்காததால் சுறா பெருகிக் கரைக்கு வந்துவிட்டது என்பது அவர்கள் வாதம். இதை எல்லா அறிஞரும் ஏற்கவில்லை. கரையோரத்தில் ஊர் பெருகியதும், மழையில் கழிவு நீரும் சேறும் கடலில் கலப்பதும் காளைச் சுறாவை இழுத்திருக்கலாம் என்கிறார்கள் மற்றவர்கள்.

"தொடாதீர்கள்!" என்ற கட்சி

எதிர்க்கட்சியில் இருப்பவர்கள் வெறும் வேடிக்கை பார்ப்பவர்கள் அல்ல. சுறாவின் வாய் வரை போய் வந்தவர்களும் அதில் உண்டு.

மிக் பேனிங் ஆஸ்திரேலிய வீரர். 3 முறை உலகச் சாம்பியன். 2015 ஜூலையில் தென்னாப்பிரிக்காவில் ஜெப்ரீஸ் பேயில் இறுதிப் போட்டி. டெலிவிஷனில் உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. திடீரென்று அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு துடுப்பு எழுந்தது! பலகையோடு சேர்த்துக் கட்டிய கயிற்றில் சுறா சிக்கிக்கொண்டது. பேனிங் கையால் குத்தினார், கத்தினார். படகு விரைந்து வந்து அவரைத் தூக்கியது. ஒரு கீறல்கூட இல்லை. அந்த மனிதர் பிற்பாடு சுறாவைப் பற்றிப் படித்தார். சுறாவைக் காக்க வேண்டும் என்று சொல்லும் படத்தில் தாமே தோன்றினார்.

பெத்தனி ஹாமில்டன் கதை இன்னும் பெரிது. 2003ல் ஹவாயில் புலிச் சுறா அவருடைய இடது கையைத் துண்டித்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 13. ஒரு மாதம் ஆவதற்குள் ஒற்றைக் கையோடு மறுபடியும் பலகை ஏறினார்!

இந்தக் கட்சியார் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "கொன்றால் ஆபத்து குறைகிறதா? காட்டுங்கள் கணக்கை!"

கணக்கு இருக்கிறது. ஹவாயில் 1958ல் ஒரு சிறுவன் சுறாவுக்குப் பலியானான். உடனே சுறா வேட்டை தொடங்கியது. 1959 முதல் 1976 வரை 4,668 சுறாக்களைக் கொன்றார்கள். பணம் ஏராளமாகச் செலவாயிற்று. ஆனால் தாக்குதல் குறைந்ததாகப் பின்னால் ஆராய்ந்தவர்களுக்குத் தெரியவில்லை.

இன்னொரு கணக்கு, மேற்கு ஆஸ்திரேலியாவில். அங்கே வெள்ளைச் சுறா பலரைக் கொன்றது. 2014ல் அரசாங்கம் மிதவையில் பெரிய தூண்டில்களைக் கட்டிக் கடலில் போட்டது. பிடிபட்டவை 172 சுறாக்கள். கொல்லப்பட்டவை 68. அவற்றில் வெள்ளைச் சுறா எத்தனை? ஒன்றுகூட இல்லை! குற்றம் செய்தது ஒருவன், தண்டனை வேறொருவனுக்கு! பெர்த் நகரக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான மக்கள் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தக் கூட்டத்தில் பலகை வீரர்களும் இருந்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

வலை கட்டினால் போதாதா?

இரண்டு கட்சிக்கும் நடுவே ஒரு வழி உண்டா? வலை கட்டலாம் என்றார்கள். ஆஸ்திரேலியாவில் சிட்னி கடற்கரைகளில் 1937லேயே வலை போட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரம் 1952ல் போட்டது. டர்பனும் தமிழருக்குத் தெரிந்த ஊர்தான். 1860ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல் கூலித் தொழிலாளரை இறக்கிய இடம் அது.

டர்பனுக்குத் தெற்கே வலை இல்லாத கரைகளில், 1957 டிசம்பர் முதல் 1958 ஏப்ரல் வரை சுறா 6 பேரைக் கொன்றது. கிலி பிடித்த மக்கள் ஊரைக் காலி செய்து ஓடினார்கள். கடற்படைக் கப்பல் வந்து தண்ணீருக்குள் வெடிகுண்டு போட்டது. பலன் இல்லை. செத்த மீன்களைத் தின்ன இன்னும் பல சுறாக்கள் வந்து சேர்ந்தன! அதன் பிறகே மற்றக் கரைகளிலும் வலை வந்தது. வலை போட்ட டர்பன் கரையில் அதற்குப் பின் சுறாவால் சாவு இல்லை.

அப்படியானால் வலை நல்லதுதானே? அதிலும் ஒரு குறை உண்டு. வலை என்றால் கரையை அடைத்துக் கட்டிய சுவர் அல்ல. அது மீன் பிடிக்கிற வலைதான். சுறா மேலேயும் பக்கத்திலேயும் சுற்றிக்கொண்டு வரலாம். வலையில் மாட்டிச் சாவது சுறா மட்டுமா? ஆமை சாகிறது. ஓங்கில் சாகிறது. யாருக்கும் தீங்கு செய்யாத திருக்கை சாகிறது.

ஆகவே இப்போது புது வழிகள் வந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் டிரோன் என்ற ஆளில்லாக் குட்டி விமானம் கடலுக்கு மேலே பறந்து காவல் காக்கிறது. சுறாவைக் கண்டால் ஒலி எழுப்பி எல்லாரையும் கரையேற்றுகிறார்கள். தூண்டிலிலும் புதுமை வந்திருக்கிறது. சுறா மாட்டியதும் கரைக்குச் செய்தி வரும். படகில் போய், அதன் உடம்பில் அடையாளக் கருவி பொருத்தி, தூரக் கடலில் விட்டுவிடுவார்கள். பிறகு அது கரைக்கு வந்தால் கருவி காட்டிக்கொடுத்துவிடும். கொலையும் இல்லை, காவலும் உண்டு. ஆனால் இதற்கும் பணம் வேண்டும், ஆள் வேண்டும். ஏழை நாட்டுக்கு அது எளிதல்ல.

நம் கடலில் என்ன?

தமிழருக்கும் சுறாவுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வணங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. கொம்புள்ள அந்த மீனை இன்று வேளா என்கிறோம். அது உண்மையில் திருக்கைக்கு உறவு.

தூத்துக்குடி முத்துக் குளிப்பில் 'கடல் கட்டி' என்று ஒரு பதவியே இருந்தது. மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுகிறவர் அவர். அவர் கரையில் இருந்தால்தான் குளிகாரர் கடலில் இறங்குவார்கள். 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, முத்தில் இருபதில் ஒரு பங்கு இந்த மந்திரக்காரருக்குப் போயிற்று என்று எழுதிவைத்தார். வெள்ளைக்கார ஆட்சியும் கடல் கட்டிக்குக் கூலி கொடுத்தது. மந்திரத்தில் சக்தி உண்டோ இல்லையோ, குளிகாரர் மனதில் தைரியம் உண்டாயிற்று! 1961ல் தூத்துக்குடி முத்துக் குளிப்பே நின்றுபோயிற்று.

இந்தியக் கரையில் சுறா மனிதனைக் கடித்த செய்தி மிக அரிது. 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தில் வைதரணா ஆற்றுக் கழியில் ஒருவரின் காலைச் சுறா கடித்தது. அது நாடெங்கும் செய்தி ஆனதே அத்தனை அரிது என்பதால்தான்.

ஆகவே, வெளிநாட்டு வீரனுக்குச் சுறா என்றால் எமன். கோவளத்துப் பிள்ளைக்குச் சுறா என்றால் அப்பாவின் படகில் வரும் மீன். பார்வையே வேறு!

யாருக்கு யார் எமன்?

உலகில் அதிகமாகச் சுறா பிடிக்கும் நாடுகளில் முன்வரிசையில் நிற்பவை இந்தோனேசியாவும் இந்தியாவும். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். தூண்டில் கயிற்றோடு வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குவார்கள். அவர்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்த உழைப்பில்தான்.

ஆனால் சுறா மற்ற மீனைப் போல இலட்சக்கணக்கில் முட்டை போடுவதில்லை. பல இனங்கள் குட்டி போடுகின்றன. அதுவும் சில குட்டிகளே. பெரிய சுறா பருவத்துக்கு வரவே பத்து, பதினைந்து வருஷம் ஆகும். ஆகவே வேகமாகப் பிடித்தால் மீண்டும் பெருகாது. உலகில் மனிதன் கொல்லும் சுறா ஆண்டுக்குச் சுமார் 8 கோடி முதல் 10 கோடி என்று அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். ஆழ்கடல் சுறாவும் திருக்கையும் 1970க்குப் பிறகு நூற்றுக்கு 71 பங்கு குறைந்துவிட்டன என்று 2021ல் ஓர் ஆராய்ச்சி சொன்னது. சுறா கொன்ற மனிதர் ஆண்டுக்கு ஒரு சிலரே. மனிதன் கொன்ற சுறா கோடிக்கணக்கில்!

புதுச்சேரியின் பெயரையே தாங்கிய சுறா ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே கிடைத்த மீனைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தார்கள். 1979க்குப் பிறகு அதைக் காண்பதே அரிதாகிவிட்டது. அடியோடு அழிந்திருக்குமோ என்று அறிஞர்கள் அஞ்சுகிறார்கள்.

2001 ஜூலையில் மத்திய அரசாங்கம் சுறா, திருக்கை எல்லாவற்றையும் பிடிக்கக் கூடாது என்று திடீர் உத்தரவு போட்டது. மீனவர்கள் கொதித்தார்கள். "எங்கள் வயிற்றுக்கு வழி என்ன?" என்று கேட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் உத்தரவு திருத்தப்பட்டது. திமிங்கிலச் சுறா, வேளா, புதுச்சேரிச் சுறா முதலிய 10 இனங்களுக்கு மட்டும் தடை நின்றது. 2015ல் சுறாத் துடுப்பை வெளிநாட்டுக்கு அனுப்புவது நிறுத்தப்பட்டது. சீனர் விருந்தில் பரிமாறும் சூப்புக்காக அந்தத் துடுப்பு பறந்துகொண்டிருந்தது. 2022ல் சட்டத்தைத் திருத்தி, மேலும் பல இனங்களைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள்.

சட்டத்தால் மட்டும் காரியம் ஆகுமா? குஜராத் ஒரு வழி காட்டியது. அங்கே மீனவர்கள் திமிங்கிலச் சுறாவை ஈரல் எண்ணெய்க்காகக் கொன்று வந்தார்கள். 2004ல் ஒரு பிரசாரம் தொடங்கியது. இராமாயணம் சொல்லும் மொராரி பாபு, "அது பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வரும் மகள்" என்ற கருத்தில் மக்களிடம் பேசினார். வலையில் சிக்கிய சுறாவை விட, வலையை அறுத்தால் அதற்கு நஷ்ட ஈடு கிடைத்தது. நூற்றுக்கணக்கான திமிங்கிலச் சுறாக்கள் உயிரோடு கடலுக்குத் திரும்பின. சொல்லிப் புரியவைத்து, நஷ்டத்தையும் ஈடு செய்தால் மீனவர் மறுப்பதில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

தாய்மார்கள் கவனிக்க

சமையல் கட்டுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. காசிமேட்டிலிருந்தும் வானகரம் மார்க்கெட்டிலிருந்தும் மேற்குப் புறநகர் வீடுகளுக்குச் சுறா வருகிறது. சிறிய பால் சுறா வேறு. பெரிய சுறா வேறு. பெரிய சுறா நீண்ட நாள் வாழ்ந்து, பல மீன்களைத் தின்று வளர்வது. அந்த மீன்களில் உள்ள பாதரசம் எல்லாம் அதன் உடம்பில் சேர்கிறது. பாதரசம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதனால் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் குழந்தைகளும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க அரசாங்கம் ஆலோசனை கூறியிருக்கிறது.

பாட்டி சொன்ன பத்தியத்தைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. தாய்க்குச் சத்தான மீன் வேண்டும் என்ற பாட்டியின் எண்ணம் சரிதான். அந்தச் சத்து மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களிலும் இருக்கிறது. விலையும் குறைவு. எதற்கும் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

உண்மையான எமன்

இனி மெரினாவுக்கு வருவோம். அங்கே சுறாவுக்குப் பயந்து யாரும் கரையேறுவதில்லை. ஆனால் மெரினாவில் உயிர்கள் போகின்றன. எதனால்? தண்ணீரின் இழுப்பால்!

இந்தியாவில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 2022ல் மட்டும் 38,000க்கும் மேல். கடல், ஆறு, ஏரி, குளம், கிணறு எல்லாம் சேர்ந்த சர்க்கார் கணக்கு இது. உலகம் முழுவதும் சுறா கொன்றவர்களின் எண்ணிக்கையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்!

இழுப்பு எப்படி உண்டாகிறது? அலை கரைக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது. கொட்டிய தண்ணீர் திரும்பிப் போக வேண்டுமே! மணல் திட்டுக்கு நடுவே பள்ளமான ஓர் இடத்தைப் பார்த்து, வாய்க்கால் போல ஓடிக் கடலுக்குத் திரும்புகிறது. அந்த இடத்தில் அலை அதிகம் உடையாது. பார்ப்பதற்கு அமைதியாக இருக்கும். "இங்கே அலை இல்லை, குழந்தையை இறக்கலாம்" என்று தோன்றும். அதுதான் ஆபத்தான இடம்!

அம்பத்தூர் ஏரியிலும் கிணற்றிலும் நீச்சல் பழகிய வாலிபன், தனக்குக் கடலும் தெரியும் என்று நினைக்கிறான். ஏரி நீர் நின்ற நீர். கடல் நீர் ஓடும் நீர். இழுப்பில் சிக்கியதும் கரையைப் பார்த்து எதிர் நீச்சல் போடுகிறான். உலகச் சாம்பியனால்கூட அந்த வேகத்தை வெல்ல முடியாது. கை ஓய்கிறது. மூச்சு வாங்குகிறது. மூழ்குகிறான். காப்பாற்றக் குதித்த நண்பனும் போகிறான். ஒரே வீட்டில், ஒரே தெருவில் இரண்டு மூன்று சாவு விழுவது இப்படித்தான்.

சிக்கியவர் செய்ய வேண்டியது என்ன? பதறக் கூடாது. இழுப்பு கீழே இழுப்பதில்லை; வெளியே இழுக்கிறது. மிதந்துகொண்டே கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். நீந்த முடிந்தால், கரையை நோக்கி அல்ல, கரைக்குப் பக்கவாட்டில் நீந்த வேண்டும். இழுப்பின் அகலம் குறைவு. அதைத் தாண்டியபின் அலையோடு கரைக்கு வரலாம். கரையில் இருப்பவர் வெறுங்கையோடு குதிக்கக் கூடாது. மூடிய காலிக் குடமோ, கயிறோ, லாரி டியூபோ எதையாவது எறிய வேண்டும். மீனவரையும் போலீசையும் கூப்பிட வேண்டும்.

காணும் பொங்கலன்று போலீசார் மெரினாவில் கட்டை கட்டித் தடுக்கிறார்கள். "பண்டிகை நாளில்கூடக் கால் நனைக்க விடமாட்டேன் என்கிறார்களே!" என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். காரணம் தெரிந்தால் முணுமுணுக்க மாட்டார்கள்.

மீனவர்கள் நீரோட்டத்தை 'நீவாடு' என்று சொல்லி, தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் கடலில் இறங்குகிறார்கள். அலைச் சறுக்கு வீரனும் முதலில் கற்பது அதைத்தான். சுறாவைக் கொல்லச் சொல்கிறவரும், காக்கச் சொல்கிறவரும் இந்த ஒரு பாடத்தில் வேறுபடுவதில்லை: கடலைப் படிக்காமல் கடலில் இறங்கக் கூடாது!

எது நியாயம்?

ரெயூனியனில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், "சுறா அரிய பிராணி" என்று உபதேசம் செய்ய முடியாது. அவள் கோபத்தில் நியாயம் உண்டு. ஒரே கரையில் மனிதர் அடுத்தடுத்துச் சாகும்போது, காவல், தடை, வலை, தேவையானால் அந்த இடத்துச் சுறாவைப் பிடிப்பது எல்லாம் அரசாங்கத்தின் கடமை. ஆனால் ஒரு தீவின் துயரத்தைக் காட்டி உலகத்துச் சுறாவையெல்லாம் கொல்லச் சொன்னால், அது நியாயமாகாது. ஹவாயும் மேற்கு ஆஸ்திரேலியாவும் அதைச் செய்து பார்த்துத் தோற்றன.

தமிழ்நாட்டிலோ கேள்வியே வேறு. இங்கே சுறாவிடமிருந்து மனிதனைக் காப்பது பிரச்சினை அல்ல. மீனவர் வயிற்றில் அடிக்காமல் சுறாவைக் காப்பது எப்படி என்பதே பிரச்சினை. குஜராத் போல நஷ்ட ஈடு கொடுக்கலாம். குட்டிச் சுறா சிக்காதபடி வலைக் கண்ணைப் பெரிதாக்கலாம். சினைக் காலத்தில் விட்டுப் பிடிக்கலாம். முடிவு எடுக்கும்போது தூத்தூர் மீனவரையும் காசிமேட்டு மீனவரையும் கூப்பிட்டு வைத்துப் பேச வேண்டும். 2001ல் அப்படிப் பேசாமல் உத்தரவு போட்டதால்தான் ஐந்தே மாதத்தில் அதை மாற்ற வேண்டி வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் ரயில் ஏறும் குடும்பம் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். கடலில் துடுப்பைத் தேடிப் பயப்பட வேண்டாம். அலை உடையாத அந்த அமைதியான இடத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டும். பிள்ளையின் கையை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.